உந்தக் கல்

தாராசுரத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. ஊர்க் கோயில் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் வீடோ கோயிலிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். என் அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் மேலே ஓர் அறை போட ஆசைப்பட்டான். இப்போது அவன் பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது, இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் நின்று கோயிலைப் படம் பிடிக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். மழைக்காலமாக இருந்தால் அந்தப் பெருமையோடு உள்ளே ஓடி, ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும்.

என் தொழில் பிழை திருத்துவது. முப்பது வருஷமாகப் பிறர் எழுதிய தமிழில் ஒற்று மிகுமிடத்தையும் மிகாவிடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளைக் கொழும்பிலிருந்து ஒருவர் தேடிப் பிடித்தார். ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர், சிங்களவர், என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். "எங்கள் நாட்டில் எட்டு இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிகிரியா, அனுராதபுரம், காலிக் கோட்டை, சிங்கராஜ மழைக்காடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வடக்கே ஒன்றுகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார்.

அவர் பட்டியலில் ஏற்ற நினைத்தது கோட்டையோ கோபுரமோ அல்ல. யாழ்ப்பாணத்தின் பழைய தெருவோரங்களில் ஒரு கேணி இருக்கும், அதை ஒட்டி மாடு தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கும், பக்கத்தில் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு கல் நட்டிருப்பார்கள். ஆவுரஞ்சிக்கல் என்று பெயர். "மாட்டுக்கு முதுகு அரிக்குமே என்று நினைத்துப் பார்த்துக் கல் நட்டவர்கள் உலகத்தில் வேறு யார்?" என்று கேட்டார். பழைய பத்திரங்கள் போரில் போய்விட்டன. இனி ஊர்க்காரர்களின் வாய்மொழிதான் சாட்சி. அதைக் கேட்டு, எழுத்துத் தமிழில் பதிந்து தர ஆள் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தமிழ் எழுத ஆளா இல்லை என்று கேட்டேன். "நிறைய இருக்கிறார்கள். எல்லோருக்கும் அங்கே ஒரு மாமாவும் ஒரு காணித் தகராறும் இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை" என்றார். அது சரியென்று பட்டது.

முதல் நாள் கோப்பாயில் தங்கினேன். காலையில் இடியப்பம் வந்தது. எங்கள் பக்கத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தைக்குத் தருகிற மாதிரி தருவோம். இங்கே வெளிறிய மஞ்சளில் சொதி என்று ஒரு தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றி, சிவப்பாக ஒரு சம்பல் வைத்து, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார் வீட்டுக்கார அம்மா. வடிவாக எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்து நேராக உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிடு என்பதுதான் அர்த்தம் என்று மத்தியானம்தான் தெரிந்தது.

அதைச் சொன்னவர் ரமணன். நாற்பத்தைந்து வயசிருக்கும், ஓட்டோ ஓட்டுகிறவர், மூன்று நாளும் எனக்கு அவர்தான் கண்ணும் காலும். பட்டியல் விஷயம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "எட்டும் அங்காலை, தெற்குப் பக்கம்தான் அக்கா. எங்களுக்கெண்டு ஒண்டு கிடைச்சால் வாற சனத்துக்கு ஓட்டோவும் வேணுமெல்லோ" என்றார்.

அன்றைக்கு அவர் என்னை நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். ஆழம் தெரியாத கிணறு என்று பெயர் பெற்றது. மேலே நல்ல தண்ணீர், இறங்க இறங்க உப்பு என்கிறார்கள். பச்சையும் கறுப்புமாக அசையாமல் கிடந்தது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. குழந்தை சிங்களத்தில் என்னவோ கேட்டது, தாய் பதில் சொன்னாள். ரமணன் மெதுவாக மொழிபெயர்த்தார்: "'கீழை போய் எங்கை முடியுது' எண்டு பிள்ளை கேக்குது. 'முடியிற இடத்திலை இன்னொரு ஊர் இருக்கும்' எண்டு தாய் சொல்லுறா." நான் வெகுநேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. எதையாவது பார்க்க ஆரம்பித்தால் நான் நிற்கிற இடம் மறந்துபோகும்.

அந்தத் தரையே அப்படித்தான் இருந்தது. மேடு பள்ளம் கிடையாது. சிவந்த மண், அதில் வெங்காயத் தாள், அதற்கு மேல் எடுத்தவுடனே ஆகாயம். சைக்கிளில் போகிறவர்கள் ஆகாயத்துக்குள் போகிற மாதிரி தூரத்தில் சிறுத்துப் போனார்கள். கடைகளில் கதிரை, யன்னல், அலுமாரி என்று பேசுவது காதில் விழுந்தது. பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. எனக்குத் தெரிந்த வீட்டுக்குள் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் போனது வலிகாமம் வட்டாரத்தின் வடபக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் ராணுவத்தின் பாதுகாப்பு வலயமாக மூடிக் கிடந்து, கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் உரியவர்களிடம் திரும்பி வந்த ஊர். கூரை இல்லாத வீடுகளுக்குள் மரங்கள் குடியிருந்தன. ஊருக்கு அரை மைல் இருக்கும்போது ஓட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "சில்லுக் காத்துப் போட்டுது" என்று ரமணன் இறங்கினார். எங்கள் ஊரில் சில்லு என்றால் பெண்கள் பாண்டி ஆடுவதற்கு எடுக்கிற ஓட்டுத் துண்டு. இவர் சக்கரத்தைச் சொல்கிறார். அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் நடந்தேன்.

கேணி பெரியது. படிகள் உடைந்திருந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு கரையை ஒட்டி ரோடு. எதிர்க்கரையில் தவமணியக்கா என்பவரின் காணி. சிக்கல் என்னவென்றால், கல் ஒன்று இருக்க வேண்டிய ஊரில் இரண்டு இருந்தன. ரோட்டோரத்தில் ஒன்று, தவமணியக்காவின் காணி நடுவில் ஒன்று. வலயமாக இருந்த காலத்தில் புல்டோசர் போட்டு எதையெதையோ தள்ளியிருக்கிறார்கள். எது நட்ட இடத்திலேயே நிற்கிறது, எது தள்ளிக்கொண்டு வரப்பட்டது என்று தெரிய வேண்டும். நட்ட இடத்தில் நிற்கிற கல்லைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் ஒன்றும் கட்டக்கூடாது என்று வட்டம் வரும். "பத்துதான், அதிகம் கேட்கமாட்டேன்" என்று கொழும்பு சார் சொல்லியிருந்தார். தவமணியக்காவின் காணி இரண்டு பரப்பு, எங்கள் கணக்கில் பன்னிரண்டு சென்ட். கல்லைச் சுற்றிப் பத்து மீட்டர் போனால் வேலி ஓரம்தான் மிஞ்சும்.

தவமணியக்காவுக்கு அறுபது வயசு. இருபத்தைந்து வயசில் இரண்டு பிள்ளைகளோடு அந்தக் காணியை விட்டு ஓடியவர். முகாம், உறவினர் வீட்டுக் கோடி என்கிற கொல்லைப்புறம், வாடகை அறை என்று சுற்றிவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். தகரக் கொட்டிலில் இருந்தார். கொட்டிலுக்கு வெளியே நான்கு கட்டைகள் அடித்து நூல் கட்டியிருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு அத்திவாரம் வெட்டுறம், தங்கச்சி. நீங்களும் நிக்க வேணும்" என்றார். ஒரு மாடு நூலைத் தாண்டிப் போய்க் கல்லில் கழுத்தைத் தேய்த்தது.

சாட்சி சொல்ல வந்தவர் கந்தசாமி. எழுபது தாண்டியவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது நெல்லியடியில் மகள் வீட்டில் இருக்கிறார். சின்ன வயசில் இந்தக் கேணிக்கு மாடு ஓட்டி வந்தவர் என்பதால் வரச் சொல்லியிருந்தோம். முழங்கால் வலி என்று ரோட்டுப் பக்கத்துக் கல்லில் சாய்ந்தபடி நின்றுவிட்டார். நான் தவமணியக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இந்தக் கரையில் நின்றேன். இங்கே சர்க்கரை கலப்பதில்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். ஒரு கையில் பதிவுக்காகப் போன். தேத்தண்ணி முடிந்ததும் மற்றக் கையைக் கல்மேல் வைத்தேன். எத்தனை மாடுகள் தேய்த்தனவோ, கல் வழவழவென்று, வெயிலிலும் குளிர்ந்து இருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. வழக்கம்போல் நான் எங்கேயோ போய்விட்டேன்.

கந்தசாமியின் கண்டக்டர் குரல் கேணியைத் தாண்டி வந்தது. "உந்தக் கல்லுத்தான் எங்கடை அப்பு காலத்திலையும் நிண்டது. மற்றது புல்டோசர் தள்ளிக்கொண்டு வந்து போட்டது."

நான் நோட்டை எடுத்து எழுதினேன்: 'இந்தக் கல்தான் எங்கள் பாட்டனார் காலத்திலும் நின்றது.' எண்டு என்பதை என்று ஆக்குகிற மாதிரி, நிண்டது என்பதை நின்றது ஆக்குகிற மாதிரி, என் கை தானாகத் திருத்தியது. தவமணியக்கா கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க அக்கா. அவர் சாஞ்சிருக்கிற கல்லைத்தான் சொல்றார். உங்க வீட்டுக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

அவர் கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார். பிறகு "அப்பிடியோ" என்றார்.

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் கொழும்புக்குப் பேசினேன். ரோட்டோரத்துக் கல் என்றதும் சார் குழந்தை மாதிரி சிரித்தார். பொது இடம், யாருக்கும் தொந்தரவில்லை, உடனே வரைபடம் போடலாம், கையெழுத்து மட்டும் நாளைக்கு வாங்கிவிடுங்கள் என்றார். அந்த நிம்மதியில் ரமணனோடு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்குப் போய்க் கடல்நீரேரிக் கரையில் உட்கார்ந்தேன். அலை இல்லாத கடல். முழங்காலளவு தண்ணீரில் ஒரு மனிதர் வலையை இழுத்துக்கொண்டு நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். வெளிச்சம் தண்ணீரில் இருந்ததா மேலே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணனின் மாடி அறையைப்பற்றிக்கூட வருத்தமில்லாமல் நினைக்க முடிந்தது.

மூன்றாம் நாள் காலை ஓட்டோவில் போகும்போது, கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று பதிவைப் போட்டேன். பிழை திருத்துகிறவளுக்கு அது ஒரு பழக்கம். கந்தசாமியின் குரல் வந்தது. ரமணன் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னொருக்காப் போடுங்கோ அக்கா."

போட்டேன்.

"அவர் 'உந்த' எண்டெல்லோ சொல்லுறார்."

"ஆமா தம்பி, இந்தன்னுதான் எழுதியிருக்கேன்."

ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இல்லை அக்கா. இந்தக் கல்லு எண்டால் தனக்குக் கிட்ட நிக்கிறது. அந்தக் கல்லு எண்டால் ரெண்டு பேருக்கும் தூர. உந்தக் கல்லு எண்டால் கேக்கிற ஆளுக்குக் கிட்ட. நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

என் உள்ளங்கையில் அந்தக் குளிர்ச்சி இன்னும் இருந்தது.

சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ படித்தது. உ இப்போது வழக்கில் இல்லை என்று டீச்சர் சொன்னதும் பென்சிலால் அதை வட்டம் போட்டு அடித்துவிட்டோம். யாரிடம் வழக்கில் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை. ராமேஸ்வரத்துக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், மீன் விற்கிறவரும் பஸ் கண்டக்டரும் அதைத் தினம் தினம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

"அப்போ தவமணியக்கா காணியில நிக்கிறதுதான் பழைய கல்லு."

"ஓம்" என்றார் ரமணன். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆருக்கும் தெரியாது அக்கா. சொல்லத்தான் வேணுமோ?" என்றார்.

சொல்லாவிட்டால் என்ன என்றுதான் எனக்கும் பட்டது. ஒரே ஓர் எழுத்து. ஆனால் பிழை என்று தெரிந்தே விட்டுவிட்டு நான் ஒரு தாளைக்கூட இதுவரை கைமாற்றியதில்லை. அதோடு, கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன் என்று நம்பித்தான் கடல் கடந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டால் அந்த அம்மாளின் வீட்டை நான்தான் அழிக்கிறேன்.

நாங்கள் போனபோது மஞ்சள் பிள்ளையார் வைத்தாகிவிட்டது. மேசன் மண்வெட்டியோடு நின்றார். கந்தசாமியும் கையெழுத்துப் போட வந்திருந்தார். இன்றைக்கு அவர் தவமணியக்காவின் காணியில், பழைய கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். தவமணியக்கா கசங்காத சேலை கட்டியிருந்தார். ஒன்பதே முக்கால்.

நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "அக்கா, நேத்து நான் தப்பா எழுதிட்டேன். அவர் உந்தக் கல்லுன்னு சொன்னார். எனக்கு அந்த வார்த்தை தெரியாது. நான் இங்க, இந்தக் கல்லுமேல கை வச்சுக்கிட்டு நின்னேன்."

மேசன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு நேற்றே விளங்கினது, தங்கச்சி" என்றார் தவமணியக்கா. "நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டியள் எண்டும் தெரியும். சொல்ல வாய் வரேல்லை. விடியுமட்டும் படுக்கேல்லை. முப்பத்தைஞ்சு வருசம் மற்றாக்களின்ரை கோடியிலை கிடந்தனாங்கள். சொந்தக் காணிக்கு வந்தும் கட்ட ஏலாதெண்டால் நான் எங்கை போறது?" அழவில்லை. நூலைக் கழற்றுவதற்காகக் கட்டைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

எங்கள் ஊர் வட்டத்துக்குள் எனக்கு வீடாவது இருக்கிறது, ஒழுகினாலும்.

"நூலை விடு தவமணி" என்றார் கந்தசாமி. அவர் பக்கத்தில் நின்ற பழைய கல்லைப் பார்த்தார். கேணிக்கு அப்பால் ரோட்டோரத்தில் நிற்கிற கல்லையும் பார்த்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, நேற்றுக் காத்து. நீங்கள் கேட்டதும் சரியில்லை, நான் சொன்னதும் சரியில்லை. திரும்ப ஒருக்காப் பதிவம். நீங்கள் அங்காலை போய், அந்த ரோட்டுக் கரைக் கல்லடியிலை நில்லுங்கோ."

எனக்கு முதலில் புரியவில்லை. ரமணனுக்குப் புரிந்தது. "வாங்கோ அக்கா, போவம்" என்று என் பையை எடுத்துக்கொண்டார்.

கேணியைச் சுற்றி நடந்தோம். உடைந்த படியில் பார்த்துக் கால் வைத்து, தொட்டியைக் கடந்து, ரோட்டோரத்துக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அது சொரசொரப்பாக இருந்தது. மாடு அதிகம் தேய்க்காத கல். எதிர்க்கரையில் மூன்று பேர் சின்னதாகத் தெரிந்தார்கள். தண்ணீரில் தலைகீழாக இன்னும் மூன்று பேர்.

போனை உயர்த்திப் பிடித்தேன். கந்தசாமி கதிரையிலிருந்து எழுந்து நின்றார். கடைசி ஸீட்டுக்கும் கேட்கிற குரலில், நேற்றுச் சொன்ன அதே வசனத்தை, ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

"உந்தக் கல்லுத்தான் எங்கடை அப்பு காலத்திலையும் நிண்டது. மற்றது புல்டோசர் தள்ளிக்கொண்டு வந்து போட்டது."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பதிவுக்கு இல்லை என்று கையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "உதுவும் எங்களைப்போலை இடம்பெயர்ந்து வந்த கல்லுத்தான், தங்கச்சி. பட்டியலிலை ஏறிப்போகட்டும். ஆர் தடுக்கினம்?"

நான் நோட்டை முழங்காலில் வைத்து, நேற்றைய வரியை அடித்துவிட்டு எழுதினேன். இந்த முறை எதையும் திருத்தவில்லை. உந்தக் கல்லுத்தான் என்றே எழுதினேன். கேட்டவர் நின்ற இடம்: ரோட்டோரம். கொழும்பில் சார் எத்தனை முறை பதிவைப் போட்டுக் கேட்டாலும் ஓர் எழுத்து பிசகாது. ரமணன் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "வடிவா எழுதியிருக்கிறியள்" என்றார்.

எதிர்க்கரையில் தவமணியக்கா இன்னும் நூலைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து மேசனிடம், "தம்பி, நேரம் சரி. வெட்டும்" என்றார்.

மண்வெட்டி மண்ணில் இறங்கிய சத்தம் கேணிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அது வருவதற்குள் நான் அழ ஆரம்பித்திருந்தேன்.